பிரிந்தது உன் இரும்பு இல்லை

மல்லிகா,

நீ கேட்டு அனுப்பியதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அம்மன் வாளில் பிரிந்திருப்பது உன் இரும்பு இல்லை. நீ கொடுத்த ஏழுமலையின் இரும்பு வைத்த இடத்தில் வைத்தபடி கெட்டியாக இருக்கிறது. நகத்தால் தடவிப் பார்த்தேன், ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை. பிரிந்தது உங்கள் குப்பத்துத் தேசப்பன் கொடுத்தது. இதைப் படித்ததும் நீ பெருமூச்சு விடுவாய், தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய், கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுவாய். போகாதே. உட்கார். மீதியையும் படி. அந்த மீதிக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

பஸ் ஏறினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடுகிற தூரத்தில் இருக்கும் மகளுக்கு எவளாவது கடிதம் எழுதுவாளா என்று நீ நினைக்கலாம். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. வாயாடி ஆசாரியம்மா என்று உப்பளத்துப் பெண்கள் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கூலியில் கை வைத்த கங்காணியை நடுப் பாத்தியில் நிற்க வைத்துத் திட்டியவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் முன்னால் நாக்கு எழுவதில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் சிரிக்காதே. எதிரே அப்பா உட்கார்ந்திருக்கிறார். கண் புரை விழுந்த பிறகு அவருக்கு எழுத்து தெரிவதில்லை. "இன்னா எழுதறே, இன்னா எழுதறே" என்று நாலு தரம் கேட்டுவிட்டார். மகளுக்குச் சமையல் குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏழுமலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும். அவன் முதன்முதலாக நம் பட்டறைக்கு வந்தது மீன் அறுக்கும் கத்திக்குச் சாணை பிடிக்க. அடுத்த வாரம் அதே கத்தி, வாய் மழுங்கி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. "ஏம்பா, நீ மீன் அறுக்கறியா, கல்லு அறுக்கறியா?" என்று அப்பா கேட்டார். கரி மூட்டைக்குப் பின்னால் நின்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆசாரி வீட்டுப் பெண் குப்பத்துக்குப் போய் மீன் கூடை தூக்குவதா என்று நான் ஆடாத ஆட்டம் இல்லை. உன்னைச் சோற்றுக் கரண்டியால் அடித்தேன், நீ சோறே வேண்டாம் என்று படுத்துக்கொண்டாய். கடைசியில் உன் பிடிவாதம் என் பிடிவாதத்தைத் தின்றது. யாருக்குப் பிறந்தவள்!

கல்யாணத்துக்குப் பிறகும் அவனிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன்பாட்டுக்கு வருவான், துணியில் சுற்றிய மீனை வாசலில் வைத்துவிட்டு, "அத்தே, கொடுவா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவான். ஒருநாள் அப்பாவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று துருத்தி இழுக்க உட்கார்ந்தான். ஒரு பொறி பறந்து லுங்கியில் விழுந்தது. அத்தனை பெரிய அலையில் கட்டுமரத்தைச் செலுத்துகிறவன், "ஐயோ அத்தே!" என்று அலறிக்கொண்டு ஓடி, இரும்பு தோய்க்கிற தொட்டிக்குள் குதித்துவிட்டான். நான் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தேன். அவனும் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே சிரித்தான். "கடல் பரவால்ல அத்தே, இந்தக் கருமம் தான் நமக்கு ஆவாது" என்றான். அன்றைக்கு அவன் எனக்குப் பிள்ளையானான். அதற்குப் பிறகு அவன் வருகிற நாளில் உனக்குச் சோறு எடுத்து வைப்பதற்கு முன்னால் அவனுக்கு எடுத்து வைத்தேன், நீ கோபித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கார்த்திகைப் புயலைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் உடல் கரையேறியது. உடைந்த கட்டுமரத்தின் ஒரு துண்டு பொம்மையார்பாளையம் பக்கம் ஒதுங்கியது. ஏழுமலை மட்டும் ஒதுங்கவில்லை. ஒருத்தன் சொன்னான், தூரத்தில் கப்பல் போயிற்று, ஏற்றிக்கொண்டு போயிருப்பான் என்று. இன்னொருத்தன் நாகப்பட்டினத்தில் அவன் சாயலில் ஒருவனைப் பார்த்தேன் என்றான். நீ அந்த இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாய். உன் மாமியாரும் பிள்ளை வருவான் என்றே இருந்தாள். காரியம் செய்யலாமா என்று கேட்க வந்தவர்களை அவள் பார்த்த பார்வையில் அவர்கள் திண்டிவனம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பார்கள்.

தை மாதம் வாள் வேலை வந்தது. பழைய வாள் உப்புக் காற்றில் இற்று, உறையிலிருந்து எடுக்கும்போதே துண்டு துண்டாகக் கையோடு வந்துவிட்டது. மாசி மகத்துக்கு அம்மன் கடலுக்குப் போவதற்குள் புது வாள் வேண்டும். உங்கள் குப்பத்து வழக்கம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடையில் இரும்பு வாங்கக் கூடாது. கடலுக்குப் போகிற ஒவ்வொரு ஆணும் தன் கை பட்ட இரும்பு ஒன்று தர வேண்டும். நங்கூரக் கை, கத்தி, படகு ஆணி, ஒன்றும் இல்லாதவன் நாலு தூண்டில் முள். உயிரோடு இருக்கிறவன் இரும்புதான் வாளில் ஏறும். கடல் கொண்டுபோனவன் வீட்டில் வாங்கமாட்டார்கள். உலையில் வைத்து அடிக்கும்போது ஒட்டிவிட்டால் அவனுக்கு அம்மன் காவல், ஒட்டாமல் தெறித்தால் அம்மன் கைவிட்டாள் என்று பேச்சு. நீ ஒருவரையும் கேட்கவில்லை. ஏழுமலை வலையில் அகப்பட்டதென்று வெகுநாள் வைத்திருந்தானே, பழைய கப்பல் சங்கிலியின் ஒற்றைக் கண்ணி, அதைக் கொண்டுவந்து அந்தக் குவியலின் மேல் வைத்துவிட்டுப் போனாய். குவியல் பட்டறை மூலையில் கிடந்தது, உன் கண்ணி எல்லாவற்றுக்கும் மேலே.

நீ துருத்தி இழுத்து வளர்ந்தவள், ஆனாலும் இதைக் கவனித்துப் படி. வெறும் பச்சிரும்பில் வாள் செய்தால் முதல் வெட்டிலேயே வளையும். வெறும் எஃகில் செய்தால் கீழே விழுந்தாலே முறியும். அதனால் வெட்டுகிற வாய்க்கு எஃகு, அதைக் காப்பாற்ற இரண்டு கன்னத்துக்கும் முதுகுக்கும் பச்சிரும்பு. சொல்வது சுலபம். பச்சிரும்பு கேட்கிற சூட்டில் எஃகு பொரிந்து வீணாகிவிடும், எஃகுக்குப் போதுமான சூட்டில் பச்சிரும்பு ஒட்டாது. அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் அரத்தால் தேய்த்துப் பார்த்தார். அரம் வழுக்கினால் எஃகு, கடித்தால் பச்சை. ஒருத்தன் இன்ஜின் பாகம் ஒன்றைக் கொடுத்திருந்தான், வார்ப்பிரும்பு. "இது அடிச்சா உதிர்ந்துடும், வேற எதனா குடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பார், அம்மன் வேண்டாம் என்று சொல்வதற்கே அவர் இடம் வைப்பதில்லை. ஒட்டாததை முன்னாலேயே ஒதுக்கிவிடுவார். உன் கண்ணியைத் தேய்த்தார், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி ஒடித்தும் பார்த்தார். உள்ளே கரும்புச் சக்கை மாதிரி நார் நாராக இருந்தது. "இந்த மாதிரி இரும்பு இப்பல்லாம் எங்க வருது, எதுகூட வெச்சாலும் ஒட்டிக்கும்" என்று என்னிடம் காட்டினார். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்பதுபோல் அதைக் கீழே வைத்தார்.

வேலைக்கு முதல் நாள் மத்தியானம் நாட்டார் வந்தார். குப்பத்துக்குத் தலைவர், பெரிய மனுஷர், நல்ல மனுஷரும்கூட. வெகுநேரம் மழையைப் பற்றியும் நைலான் வலையின் விலையைப் பற்றியும் பேசினார். பிறகு குரலை இறக்கினார். "ஆசாரி, உம் பொண்ணு இரும்பு குடுத்துட்டுப் போயிருக்குது. வேணாம்னு சொல்ல எங்களுக்கு வாய் வரல. நாளைக்கு அது மட்டும் ஒட்டாம பாத்துக்க. அம்மாவே சொல்லிட்டாப்பல ஆயிடும். அழுது முடிச்சிட்டு அதும் பொழப்பைப் பாக்கும். இருபது வயசுப் பொண்ணு, எத்தினி நாளைக்கு அலையைப் பாத்துக்கினு குந்தியிருக்கும்?" அப்பா அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர்ச் சொம்பை நாட்டார் முன்னால் ஓசையோடு வைத்தேன். அவர் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் நீயும் இருந்தாய். பம்பை அடித்தார்கள், பூசாரி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்ல அப்பா இரும்பை உலையில் வைத்தார். நான்தான் துருத்தி, நான்தான் சம்மட்டி. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. எல்லாம் ஒட்டியது. கடைசியில் உன் கண்ணி. அதைத் தட்டித் தகடாக்கி, கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கு வைக்கிற மாதிரி வைத்திருந்தார். நீ கீற்றுத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய், புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பூசாரி "ஏழுமலை" என்றார். பம்பைக்காரன் கையே கொஞ்சம் தயங்கியது.

அப்பா குறடால் பிடித்து வெளியே எடுத்தார். இரும்பு நல்ல ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது. ஒட்டுகிற சூடு அது இல்லை. ஒட்டும் சூட்டில் இரும்பு வெள்ளைக்குப் பக்கத்தில் வரும், நெய் தடவியதுபோல் ஈரமாக மினுங்கும், நாம் தொடாமலே சின்னச் சின்னப் பொறி பூக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் சூடு தவறி இரும்பை எடுத்து நான் பார்த்ததில்லை. அடி என்று அவர் வாயால் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது, புகை என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. சம்மட்டியைத் தூக்கி நாலு அடி போட்டால் போதும், தகடு தெறித்துத் தரையில் விழும், நீ அன்றைக்கே அழுதிருப்பாய்.

நான் உன்னைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சம்மட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, "இன்னும் பழுக்கல" என்றேன். "பழுத்துடுச்சி" என்றார் அப்பா. "பழுக்கலங்க. உள்ளே வைங்க." அத்தனை பேர் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசுகிறாளே என்று பூசாரி என்னை முறைத்தார். அப்பா திரும்ப உலைக்குள் வைத்தார். நான் துருத்தியை இழுத்த இழுப்பில் கரி சிதறியது. ஒட்டுப் பிடிக்க வெங்காரத்தைத் தூவினேன். பொறி பூத்தது. "எடுங்க" என்றேன், எடுத்தார், அடித்தேன். ஒட்டாத இரும்பை அடித்தால் இரண்டு குரலில் சத்தம் வரும். முதல் சூட்டில் இரண்டு குரல் இருந்தது. அடுத்த சூட்டில் ஒன்றரை. அதற்கடுத்ததில் ஒரே குரல். "ஒட்டிக்கிச்சி!" என்று பூசாரி கத்தினார், பெண்கள் குலவை போட்டார்கள். நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கார்த்திகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் உன் பல்லைப் பார்த்தேன்.

செய்தது தப்பு என்று மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் என்னை நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். பெற்ற பெண் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவள் புருஷனின் இரும்பை அரைச் சூட்டில் அடிக்க எனக்குக் கை வராது. ஆனால் ஒட்ட வைத்தது யார் என்று உனக்குத் தெரிய வேண்டும். அம்மன் இல்லை. அப்பா வேண்டாம் என்று எடுத்ததைத் திரும்ப நெருப்பில் வைக்கச் சொன்னவள் நான். நல்ல இரும்பு, நல்ல சூடு, கொஞ்சம் வெங்காரம், என் தோள்பட்டை. அது ஏழுமலை இரும்பாக இல்லாமல், எமனுடைய இரும்பாக இருந்தாலும் ஒட்டியிருக்கும்.

அந்த ஒட்டை நம்பி ஆறேழு வருஷத்தை நீ கழித்துவிட்டாய். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் கூட்டத்தில் முண்டியடித்துப் போய், கைப்பிடிக்கு மேலே அந்த ஒரு சாணை மட்டும் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்கிறாய். கடலுக்குப் போனவன் வர நேரமானால் குப்பத்துப் பெண்கள் உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்களாம், மல்லிகா மாதிரி நம்பிக்கை வேண்டும் என்று. உன்னை அவர்கள் தைரியத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் புருஷன்மார் இருட்டுவதற்குள் வந்துவிடுகிறார்கள், அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். போன வருஷம் உன் மாமியாரும் போய்விட்டாள், கடைசி வரை வாசற்படியையே பார்த்துக்கொண்டு. சாவு வீட்டில் உன் தலையை வாரிவிட்டேனே, அப்போது காதோரம் நரையைப் பார்த்தேன். இருபத்தேழு வயசில் எனக்குக்கூட நரைக்கவில்லை, மல்லிகா.

இப்போது வாளுக்கு வருகிறேன். போன வாரம் பூசாரி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மனோடு வருஷா வருஷம் கடலில் முக்கி எடுத்ததில், மயிரிழை இடைவெளி இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து, உள்ளே துரு ஊதி, தகட்டைத் தூக்கிவிட்டிருக்கிறது. தேசப்பன் இரும்பு. அவன் தன் கை பட்ட இரும்பு எதையும் தர மனசில்லாமல், பளபளவென்று இருக்கிறதே என்று திண்டிவனத்தில் பழைய லாரி வில்லுப் பட்டை வாங்கிவந்து கொடுத்தவன். அது பச்சிரும்போடு ஒட்ட அன்றைக்கே முரண்டு பிடித்தது. விஷயம் தெரிந்து நேற்று ஓடிவந்தான். வாசலில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆசாரியம்மா, எனக்கு ஒண்ணும் ஆவாதே?" என்றான். "லாரிப் பட்டையைக் குடுத்தா வேற இன்னா ஆவும், போய் ஒழுங்கா வேலையைப் பாரு" என்றேன். எருமை மாதிரி இருக்கிறான், நாலாவது பிள்ளை பிறந்திருக்கிறது. அவன் இரும்பு பிரிந்துவிட்டது, அவன் டீ குடிக்கிறான். போன ஆடியில் அலை புரட்டிப்போட்டுச் செத்தானே கோதண்டம், அவன் கொடுத்த நங்கூரக் கை வாளின் முதுகில் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறது. விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடித் தேடிப் பார்த்தேன். அவன் செத்தது அந்த இரும்புக்குத் தெரியவே இல்லை.

நீ அனுப்பிய கேள்வி வந்ததும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பிரிஞ்சது மல்லிகா குடுத்ததுதான்னு எழுதிடு. ஒரே வரி. பொண்ணு விடுபட்டுடும்." நாட்டார் அன்றைக்குச் சொன்னதை இத்தனை வருஷம் கழித்து அவர் சொன்னார். உன் மேல் ஆசை இல்லாமல் சொல்லவில்லை. இருமிக்கொண்டே சொன்னார், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன் என்று இல்லை. பொய் சொல்லித்தான் உனக்குப் பால் மறக்க வைத்தேன், வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு. ஆனால் இதை எழுதினால் நீ என்ன நினைப்பாய்? இத்தனை நாள் அவன் உயிரோடு இருந்தான், நான் ஏதோ குறை வைத்துவிட்டேன், அம்மன் இப்போதுதான் கைவிட்டாள் என்று நினைப்பாய். எந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றவில்லை, எந்த விரதத்தில் தண்ணீர் குடித்தேன் என்று சாகும்வரை கணக்குப் பார்ப்பாய். இரும்பு சொன்னதென்று காத்திருந்தவளை, இரும்பு சொன்னதென்றே நிறுத்தினால், நீ இரும்பின் பிடியிலேயேதான் இருப்பாய். அதனால்தான் முதல் வரியிலேயே உண்மையை எழுதினேன்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒட்ட வைத்தவள் நான், சூடு பார்த்தவள் நான், அடித்தவள் நான். அப்படியிருந்தும் நானும் நம்பினேன். பாண்டிச்சேரி பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். ஒருவேளை, ஒருவேளை என்று. கொடுவா மீன் வாங்கினால் அவனுக்குப் பிடித்த தலைத் துண்டைக் கடைசி வரை யாருக்கும் போடமாட்டேன். அப்பா ஒருநாள், "நீயே அடிச்சிட்டு நீயே நம்பறியேடி" என்றார். அடித்தவளுக்கே இந்த மயக்கம் என்றால், நின்று பார்த்த உன்னை நான் என்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை வாளைத் திரும்ப உலையில் வைக்கிறோம். தேசப்பன் தகட்டைக் கழற்றி, துருவை அரம் போட்டு எடுத்து, மறுபடி ஒட்ட வேண்டும். அப்பாவால் நிறம் பார்க்க முடியாது, உலையைப் பார்த்தால் அவருக்கு ஒரே மஞ்சள் புகையாகத் தெரிகிறதாம். குறடு பிடிப்பார், நான் அடிப்பேன். துருத்தி உன் கையில். நிறம் பார்த்து, பொறி பூக்கிற நேரத்தில் "எடுங்க" என்று சொல்ல வேண்டியவள் நீ. தட்டிக்குப் பின்னால் நிற்காதே, உலைக்கு முன்னால் உட்கார். தன் உயிர் உன் வாயில் இருக்கிறது என்று தேசப்பன் நடுங்கிக்கொண்டு நிற்பான், நீ சிரிக்காமல் இருக்கப் பார். ஒட்டியதும் அது எப்படி ஒட்டியது என்று உன் கைக்கே தெரியும். ஏழுமலையின் இரும்பை அதிலிருந்து எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், இனி எந்த ஆசாரியாலும் எடுக்க முடியாது என்று சொல்லிவிடுவேன். அது அங்கேயே இருக்கட்டும், அது பாட்டுக்கு மாசி மகத்துக்குக் கடலுக்குப் போய் வரட்டும்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் இரு. மறு கல்யாணம் என்று நானாகப் பேச்செடுக்க மாட்டேன், நீயாகப் பேசினால் காது கொடுப்பேன். பூவை எடு, பொட்டை அழி என்று எவளாவது வாசல் ஏறினால் சம்மட்டியோடு எழுந்திருப்பேன், அதையும் குப்பத்தில் சொல்லி வை. தாலியை வைத்துக்கொள்வதும் கழற்றுவதும் உன் இஷ்டம்.

காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன், இனி எழுதாமல் முடியாது. ஏழுமலை செத்துவிட்டான், மல்லிகா. அந்தக் கார்த்திகையிலேயே செத்துவிட்டான். நம் வீட்டில் ஒருவர் வாயிலும் இந்த வார்த்தை வந்ததில்லை. முதலில் சொல்கிற பாரம் உனக்கு வேண்டாம் என்றுதான் நான் எழுதிவிட்டேன். அவனோடு போன இரண்டு பேருக்கும் குப்பமே மாரடித்து அழுதது. பெயர் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள், பதினாறாம் நாள் ஊருக்குச் சோறு போட்டார்கள். ஏழுமலைக்கு ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதால் செத்தான் என்று ஆகிவிடும் என்று நீ அழவில்லை. நீ பார்த்துவிடுவாய் என்று நான் அழவில்லை. நம்மை அவ்வளவு சிரிக்க வைத்த பிள்ளையை, அழ நாதியில்லாத அனாதையாக அந்தக் கடலில் போட்டு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை வேலை முடியட்டும், கூட்டம் போகட்டும், கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் அவன் பெயரைச் சொல்லி அழலாம். இதைப் படித்துவிட்டு அங்கே தனியாக உட்கார்ந்து அழாதே. நீ வருகிற வரைக்கும் நானும் அழாமல் இருக்கிறேன்.

அம்மா